வளைகாப்புக்குப் போன பலாப்பழக் கேக்

"யாருங்க பஸ்ஸுக்குள்ள பலாப்பழம் வச்சிருக்கறது? லக்கேஜ் போடணும்."

கண்டக்டர் இரண்டாவது தடவையாகக் கேட்டார். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பேருந்து, வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது என்று காலண்டர்தான் சொன்னது, வெயில் அதை ஒப்புக்கொள்ளவில்லை. யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எல்லா மூக்கும் என் பக்கம்தான் திரும்பியிருந்தன.

என் மடியில் வெள்ளை அட்டைப்பெட்டி, அதன்மேல் சிவப்பு ரிப்பன். அந்த ரிப்பனை நானே கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கட்டியிருந்தேன். காலடியில் ஒரு துணிப்பை, அதற்குள் சின்ன எவர்சில்வர் டப்பா. என் அக்கா மகள் கயலுக்கு அன்று வளைகாப்பு. நான் தாய்மாமன். நெஞ்சுக்குள் மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

"சார், உங்களத்தான் கேக்கறேன்."

"பழம் இல்ல சார். கேக்கு."

"எனக்குப் பண்ருட்டி சார். எங்கிட்டயேவா?"

ரிப்பனை அவிழ்க்க எனக்கு மனசில்லை. அது சீர்த்தட்டில் வைக்க வேண்டியது. அதனால் பையிலிருந்த டப்பாவைத் திறந்து நீட்டினேன். உள்ளே, கேக்கின் நாலு பக்கமும் வெட்டியெடுத்த ஓரத் துண்டுகள். சரியான கருப்பு.

"என்னா சார், கருகிப்போயிருக்கு?"

"அது ஓரம். ஓரம் அப்படித்தான் இருக்கும். வாயில போட்டுப் பாருங்க."

போட்டார். மென்றார். இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். லக்கேஜ் பேச்சு அதோடு முடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பண்ருட்டிக்காரரே இரண்டாவது துண்டு எடுத்துவிட்டாரே, இனி என்ன கவலை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பாய்லர்காரன் கேக்கு

போன வாரம் ஓம பிஸ்கட் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார், "ஆம்பளை நீங்க எப்படி இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று. அவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வேலை குடிகாடு பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில். பாய்லர் பிரிவு. நாள் முழுக்கச் சூட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பவன் வீட்டுக்கு வந்து அடுப்பைக் கண்டால் ஓட வேண்டும். நான் மட்டும் அதன் பக்கத்திலேயே போய் நின்றேன். மாவு என்று ஒன்றை உள்ளே தள்ளினால் வேறு ஒன்றாக வெளியே வருகிறதே, அது எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான். கண்ணாடிக் கதவு வழியாகக் கேக் உப்புவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். "புள்ள பொறக்கறப்பகூட இவ்ளோ ஆர்வமா நிக்கல" என்பாள் என் மனைவி செல்வி. அவள் சொன்னது உண்மைதான்.

ஆரம்பத்தில் ஓவன் எல்லாம் ஏது? குக்கரில் கல்லுப்பைக் கொட்டி, வாஷரையும் விசிலையும் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு ஸ்டாண்டு வைத்து அதன்மேல் கேக் பாத்திரம். நடுவில் வேகும், ஓரம் தீய்ந்துவிடும். தணலைக் குறைத்தால் ஓரம் தப்பும், நடுவில் களி. கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்தால், "மச்சான், பாய்லர்காரன் கேக்கு கருகாம வந்தாதான் ஆச்சரியம்" என்று ஓட்டுவார்கள். ஓட்டிக்கொண்டே தின்றும் விடுவார்கள்.

அந்த ஓரத்துக்கென்று ஒரே ஒரு ரசிகை இருந்தாள். கயல். பள்ளி லீவு விட்டால் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிற அக்கா வீட்டிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். கேக்கைக் கவிழ்ப்பதற்குள், "ஓரம் எனக்கு மாமா" என்று கை நீட்டுவாள். என் மனசு நோகக் கூடாதென்று இப்படி நடிக்கிறாள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல ஓவன் வாங்கிய பிறகும் ஓரம் கருகாமல் எடுக்க வேண்டும் என்பதே எனக்குப் பெரிய வைராக்கியம்.

ஓவன் வந்த பிறகு என் சட்டம் ஒன்றே ஒன்று. சந்தையில் எது குவிந்து கிடக்கிறதோ அதுதான் அந்த மாதத்துக் கேக். தை மாதம் கரும்புப்பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்கிற பன். சித்திரையில் முந்திரிப்பழம். அதன் தொண்டைக் கரகரப்புப் போக உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் ரொட்டிக்கு அருமையாகச் சேரும். மழைக்காலத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கடையில் விலை ஜாஸ்தி கொடுத்து வாங்குகிற எந்தப் பழத்தையும் நான் தொடுவதில்லை. பிறந்தநாள், பரீட்சையில் பாஸ், புது வண்டி, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, எதுவாக இருந்தாலும் எனக்குச் சாக்குப் போதும்.

அந்த வீட்டில் தாளிப்பு இல்லை

கயலைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறோம், வடக்கு வீதிக்குப் பக்கத்தில். நல்ல குடும்பம். மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் நான் கம்பெனி முழுக்க ரவை கேக் கொடுத்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. மசக்கை பிடித்துக்கொண்டது.

எல்லோருக்கும் நாலாம் மாதம் விட்டுவிடும் என்றார்கள். இவளுக்கு ஏழாம் மாதம் பிறந்தும் விடவில்லை. சோறு கொதிக்கிற வாசனை ஆகாது. கடுகு வெடித்தால் புழக்கடைக்கு ஓடுவாள். இளநீர், மோர், இரண்டு வாய் ரசம், அவ்வளவுதான். ஸ்கேனில் குழந்தை நன்றாக இருக்கிறது, தாய்க்குத்தான் எடை ஏறவில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "எது எறங்குதோ அத குடுங்க. திங்கக்கெழமை வந்து எடை பாப்போம். ஏறலைன்னா அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ்தான்" என்றும் சொல்லியிருந்தார். ஞாயிறு வளைகாப்பு, மறுநாள் ஆஸ்பத்திரி. அக்காவுக்கு அழுகையே அடங்கவில்லை.

அந்த வாரம் கயலிடம் போனில் பேசினேன்.

"என்னாடா கண்ணு வேணும்? மாமா செஞ்சி எடுத்தாரேன்."

"ஒண்ணும் வேணாம் மாமா. எதப் பாத்தாலும் கொமட்டுது. நீங்க வாங்க, அது போதும்."

போனை வைத்துவிட்டு வெகு நேரம் ஓவன் முன்னாலேயே நின்றேன். ஒரு வாய். என் கையால் செய்ததில் ஒரே ஒரு வாய் அவளுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டால் போதும். வேறு எந்தச் சீரும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அரைப் பழம்

சீர்த்தட்டுக்கு முந்திரி கேக் என்றுதான் முடிவாகியிருந்தது. செல்வி சனிக்கிழமை காலையிலேயே அக்காவோடு சிதம்பரம் போய்விட்டாள். எனக்கு அன்று ஷிப்ட். முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தால், திருவதிகையிலிருந்து வேலைக்கு வருகிற என் சிநேகிதன் முருகவேல் பைக்கில் ஒரு பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"மச்சான், எங்க மரத்துது. பாதி உனக்கு. பொண்ணு வளைகாப்புக்கு வெறுங்கையோடவா போவ?"

கத்தியில் எண்ணெய் தடவி அங்கேயே பிளந்தான். சுளை ஒவ்வொன்றும் மஞ்சள் சேலை கட்டி உட்கார்ந்திருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் முந்திரி கேக் என் தலையிலிருந்து இறங்கிப் போய்விட்டது. எனக்கு எப்போதுமே ஆர்வக்கோளாறு. யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்குப் பறந்தேன்.

செய்முறை ரொம்பச் சுலபம். இரண்டு டம்ளர் ரவையை நெய் விட்டு வாசனை வர வறுத்து ஆறவையுங்கள். கொட்டை நீக்கிய சுளையை அரைத்தால் ஒன்றரை டம்ளர் விழுது வர வேண்டும். பெண்ணாடம் பக்கத்து வெல்லம் கிடைத்தால் நல்லது. ஒன்றே கால் டம்ளர் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். அதோடு ஒரு டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால், அரை டம்ளர் நெய், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் ரவையோடு கலந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள், ரவை ஊறட்டும். கடைசியில் ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர், பொடியாக நறுக்கிய சுளை ஒரு கைப்பிடி, முந்திரி ஒரு கைப்பிடி. முட்டை கிடையாது. மிதமான சூட்டில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வேகட்டும். குச்சி ஈரமில்லாமல் வந்தால் இறக்கிவிடலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். வெல்லம் போட்ட கேக்குக்கு ஓரம் சீக்கிரம் கறுத்துவிடும். எனக்கும் கறுத்தது. கோபமாக வந்தது. சம்பந்தி வீட்டு நாலு பேர் பார்க்கிற தட்டில் கருகல் இருக்கலாமா? ஆறியதும் நாலு பக்கமும் நறுக்கி எடுத்து டப்பாவில் போட்டேன், பஸ்ஸில் நானே தின்றுகொள்ளலாம் என்று. நடுப்பாகம் மட்டும் தங்கக்கட்டி மாதிரி பெட்டிக்குள் போனது.

ஆலப்பாக்கம் தாண்டி

கண்டக்டர் போன பிறகு முன்சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"வாசன தூக்குது. என்னா விசேஷம்ணா?"

"அக்கா பொண்ணுக்கு வளைகாப்பு. நான் தாய்மாமன். என் கையால செஞ்சது."

நான் பெருமையாகத்தான் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"வளைகாப்புக்கா? வாயும் வயிறுமா இருக்கற பொண்ணுக்கு யாருண்ணா பலாப்பழம் எடுத்தும்போவாங்க? சூடு இல்ல அது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தெரியாத விஷயமா அது? பப்பாளி, அன்னாசி, எள், பலா, இதெல்லாம் மாசமாக இருப்பவளுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். எனக்கும் தெரியும். ஆனால் அது மண்டையில் ஒரு மூலையில் இருந்தது, சீர் இன்னொரு மூலையில் இருந்தது. எங்கள் ஆட்களுக்குப் பலா ஒரு பழமே கிடையாது, அது மரியாதை. கல்யாணமா, பலா. வீடு குடிபோகிறார்களா, பலா. மேனேஜர் மாற்றலாகிப் போகிறாரா, பலா. தாய்மாமன் தட்டு என்றதும் என் கை தானாக அதன்மேல் போய்விட்டது. சாப்பிடப் போகிறவள் யார் என்று யோசிக்கவே இல்லை. பழம் கொடுத்த முருகவேலுக்கும் அது தோன்றவில்லை.

செல்விக்குப் போன் போட்டேன்.

"பலாவா? உங்களுக்கு அறிவு இருக்கா? முந்திரி கேக்குன்னுதானே சொன்னீங்க?"

"ஆசையில செஞ்சிட்டேன் செல்வி."

"இங்க கயல் மாமியாரோட அக்கா ஒருத்தங்க வந்திருக்காங்க. எள்ளு உருண்டைய யாரோ கொண்டாந்தாங்கன்னு அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. பொட்டியத் தொறக்காதீங்க. பொட்டி பொட்டியாவே இருக்கட்டும். தட்டுல வாழப்பழம் வச்சிக்கலாம்."

புதுச்சத்திரத்தில் பூக்கார அம்மா இறங்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு வச்சிவுடுங்க" என்று ஒரு முழம் மல்லிகை கொடுத்துவிட்டுப் போனார். நெஞ்சுக்குள் அடித்த மேளம் நின்றுவிட்டது. சிதம்பரம் போய்ச் சேரும் வரைக்கும் பெட்டி மடியில் கல்லாகக் கனத்தது.

கேட்டுட்டா

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் கயல் மணையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல். கழுத்து எலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

நான் மல்லிகையை வைத்துவிட்டு வளையல் அடுக்கினேன். புடவை, பூ, வாழைப்பழத்தோடு என் தட்டு மொட்டையாக இருந்தது. "மாமன் கேக்கு செய்வாருன்னாங்களே" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பெட்டியும் பையும் மாடிப்படிக்கு அடியில் இருந்தன.

ஐந்து வகைச் சாதம் வந்தது. சம்பந்தியம்மா ஒரு தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்துக் கயல் முன்னால் குனிந்தார். வளைகாப்பில் முதல் வாய் அவள்தான் சாப்பிட வேண்டும். கயல் ஒரு பருக்கையை உதட்டில் வைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருப்பிய முகத்தை அவள் மறுபடி இந்தப் பக்கம் கொண்டுவரவில்லை. மூக்கை உறிஞ்சினாள். இன்னொரு முறை உறிஞ்சினாள்.

"பலாப்பழ வாசன வருதே. எங்கேருந்து?"

செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சம்பந்தியம்மாவின் அக்கா எழுந்தே விட்டார்.

"பலாவா? யாரு கொண்டாந்தது?"

"நான்தாங்க," என்றேன். "கேக்கு செஞ்சேன். புத்தி இல்லாம செஞ்சிட்டேன். எடுத்தும்போயிடறேன்."

"எடுத்தும்போவாதீங்க மாமா," என்றாள் கயல். "எனக்குக் குடுங்க. பசிக்குது."

பசிக்குது. அந்த வார்த்தையை அந்த வீடு கேட்டு எத்தனை மாதமாகியிருக்கும்! அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதெல்லாம் கூடாது, சூடு," என்றார் அந்தப் பெரியம்மா. "ஏழாம் மாசம். தெரிஞ்சிக்கினே குடுப்பாங்களா?"

அப்போது சம்பந்தியம்மா சாதத் தட்டைக் கீழே வைத்தார். அதிர்ந்து பேசாத மனுஷி. நான் வந்ததிலிருந்து என்னிடம் "வாங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அக்கா, அவ வாய் தொறந்து கேட்டுட்டா. மாசமா இருக்கறவ கேட்டத குடுக்கலன்னா பொறக்கற புள்ளைக்குக் காதுல சீழ் வடியும்னு சொன்னது யாரு? நீதான சொன்ன?"

பெரியம்மா மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சு மாசமா இந்த வீட்ல தாளிப்பே கெடையாதுக்கா," என்றார் சம்பந்தியம்மா. குரல் உடைந்தது. "கடுகு வாசன அவளுக்கு ஆகலன்னு வெறும் பருப்பத்தான் எல்லாரும் திங்கறோம். எறங்குனா எதையும் குடுன்னு டாக்டரம்மா சொல்லியாச்சு. ஒரு துண்டு குடுக்கறேன். என் கையாலயே குடுக்கறேன்."

நான் ஓடினேன். அந்த வயதில் அந்தக் கூடத்தில் நான் ஓடிய ஓட்டம் இன்றும் எங்கள் வீட்டில் கேலிக்கு ஆகிறது. ரிப்பன் அவிழவில்லை, பல்லால் கடித்து அறுத்தேன். சம்பந்தியம்மா ஒரு விரல்கடை அளவு வெட்டி ஊட்டினார். கயல் மென்றாள். விழுங்கினாள்.

எல்லோரும் புழக்கடைக் கதவையே பார்த்தோம். எழுந்து ஓடப் போகிறாள் என்று அக்கா சொம்பில் தண்ணீரோடு தயாராக நின்றாள். கயல் எழுந்திருக்கவில்லை. நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், முகம் சுருங்கிவிட்டது.

போச்சு, என்று நினைத்தேன்.

"என்ன மாமா இது? ஓரம் எங்க?"

"ஓரமா?"

"ஓரத்த யாரு வெட்டுனது? அதுதான எனக்கு."

துணிப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினேன். கண்டக்டர் தின்றது போக மிச்சம். அவள் வளையல் குலுங்க ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். கடக் என்று சத்தம் கேட்டது. இன்னொன்று எடுத்தாள். சம்பந்தியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சமையக்கட்டுல கடுகு எங்க வச்சேன்னே மறந்துபோச்சு" என்று சிரித்தார். பெரியம்மாவும் ஒரு துண்டுக்குக் கை நீட்டினார். கயல் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பெரியம்மாவுக்கு நடுப்பாகம்தான் கிடைத்தது.

வேனில்

சாயந்திரம் கயலை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு எல்லோரும் வேனில் கிளம்பினோம். நான் டிரைவர் பக்கத்தில். அவளுக்குக் குமட்டினால் நிறுத்த வேண்டுமே என்று வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நிறுத்தவே வேண்டியிருக்கவில்லை. வளையல் சத்தமும் டப்பா மூடி திறக்கிற சத்தமும்தான் மாறி மாறிக் கேட்டன. எங்கள் கம்பெனி வாசலைத் தாண்டும்போது என் தோளைத் தட்டினாள்.

டப்பாவைத் திறந்து காட்டினாள். காலி. மூலையில் இருந்த தூளைக்கூட விரலால் ஒற்றி எடுத்திருந்தாள்.

"மாமா, நாளைக்கு ஆஸ்பத்திரி போறதுக்கு முன்னாடி இன்னொண்ணு செஞ்சிக் குடுங்க."

"செஞ்சிட்டாப் போச்சு. இந்தத் தடவ ஓரம் கருகாம எடுக்கறேன் பாரு."

"அய்யய்யோ, வேணாம் மாமா," என்றாள். "நல்லா கருக்கிக் குடுங்க."